இடது சரி, வலது சரி

பாம்புக்காதுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்தப் பட்டப்பெயர் வந்ததே அந்தக் காதால்தான். தொழிற்கூடத்தில் நாலு மேசை தள்ளி ஒரு ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தால் போதும், எந்தத் திருகு சரியாக முடுக்கப்படவில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாகப் பரிசோதனைப் பிரிவு அவள் கையில்தான். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு அவள் பண்ணிவைத்த காரியம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அங்கே செய்வது பேச்சுப் பெட்டிகள். ஆஸ்பத்திரி அறைகளில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்டுவார்கள். நோயாளி கட்டிலோரம் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசினால் செவிலியர் மேசையில் கேட்கும், அங்கிருந்து பேசினால் இங்கே கேட்கும். பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு மைக், வலது ஓரத்தில் ஒரு மைக், நடுவில் ஸ்பீக்கர். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். ஸ்டீரியோ கோடெக் என்பார்கள். இரண்டு மைக்கிலும் விழுகிற சத்தத்தை எண்ணாக மாற்றுவதும் அதுதான், இரண்டையும் கூட்டி ஒரே குரலாக மேசைக்கு அனுப்புவதும் அதுதான்.

அன்று காலை மேலாளர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அவருக்குத் தொழிற்கூடத்தில் 'சின்னவிஷயம்' என்று பேர். கூரையே இடிந்து விழுந்தாலும் "சின்ன விஷயம், பாத்துக்கலாம்" என்பார், அவர் தலையில் விழாதவரை. எங்கேயோ ஏதோ புகாராம், பெட்டி நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்தால் போதுமாம். அவள் வழக்கம்போல வலது மைக்கை அணைத்துவிட்டு இடதில் பேசினாள், கணீரென்று கேட்டது. இடதை அணைத்துவிட்டு வலதில் பேசினாள், அதுவும் கணீர். படிவத்தில் 'இடது சரி', 'வலது சரி' என்று இருந்த இரண்டு கட்டத்திலும் குறி போட்டு, கீழே கையெழுத்தையும் இழுத்துவிட்டாள். மொத்தம் நாலு நிமிஷம். மை காயும் முன்னே சின்னவிஷயம் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் தங்கை போன் செய்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் புதுக் கட்டடத்தில் செவிலியாக இருப்பவள். அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். எடுத்த எடுப்பில் அழுகை. ஒரு வாரமாக அக்காவிடம் மறைத்து வைத்திருந்ததை அன்றுதான் கொட்டினாள்.

போன வாரம், மதியம் மூன்று மணி. இருபத்திரண்டு கட்டிலுக்கு அவள் ஒருத்தி, கூட இருக்க வேண்டியவள் விடுப்பு. பதினேழாம் அறையில் மூட்டு அறுவை முடிந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மூன்று தடவை மணியடித்தார். மூன்று தடவையும் இவள் எடுத்தாள். யாரும் பேசவில்லை. கைபட்டுப் பொத்தான் அழுந்துவது அங்கே தினமும் பத்துத் தடவை நடப்பதுதான், அப்படித்தான் இதுவும் என்று வைத்துவிட்டாள். நாற்பது நிமிஷம் கழித்து மாத்திரையோடு போனபோது அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதம். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டது. அழைப்புப் பதிவைப் பார்த்துவிட்டு, அப்பா மூன்று தடவை கூப்பிட்டும் இவள் துண்டித்துவிட்டாள் என்று அவர் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை மட்டுமில்லை, செவிலிப் பதிவும் போகும். அப்புறம் எந்த ஊரிலும் அந்தச் சீருடையை மாட்ட முடியாது.

பாம்புக்காதுக்கு வந்த கோபத்தில் முதல் அடி தங்கைக்குத்தான் விழுந்தது. மேசையிலிருந்து அந்த அறை எத்தனை அடி என்று கேட்டாள். முப்பது என்றாள் தங்கை.

"முப்பது அடி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா உன் கால் தேஞ்சா போயிடும்?"

"போயிருக்கணும்க்கா. தப்புதான், அதை நான் இல்லைங்கல. ஆனா யாரும் பேசலன்னு சொன்னது பொய்யில்ல. அந்த மூலையில ஏசி ஓடுற சத்தம்கூட நல்லா கேட்டுச்சு. அவர் குரல் மட்டும் இல்ல."

பாம்புக்காது திட்டுவதை நிறுத்தினாள். ஏசி இருப்பது ஜன்னல் பக்கம், பன்னிரண்டு அடி தள்ளி. அது கேட்கிற பெட்டிக்கு, அதன் அடியிலேயே படுத்திருக்கிற மனிதர் பேசியது எப்படிக் கேட்காமல் போகும்? தங்கையோ பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். சின்ன வயதில் எதையாவது உடைத்தால், யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே வந்து நான்தான் உடைத்தேன் என்று அழுகிறவள். அப்போது தங்கை இன்னொன்றும் சொன்னாள். பெட்டியில் கோளாறே இல்லை என்று செய்த கம்பெனியிலிருந்தே இன்றைக்குத் தாள் வந்துவிட்டதாம், எவளோ கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம்.

பாம்புக்காது மேசையில் இருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் 17 என்று இருந்தது. போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை. எவளோ இல்லை, அவளேதான்.

பெட்டியைச் சுவரில் மாட்டினாள். காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, இரண்டு மைக்கையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, நேர் எதிரே நின்று பேசினாள். சுவர்க் கடிகாரம் கேட்டது, வராந்தாவில் யாரோ வாளியை இழுப்பது கேட்டது, அவள் குரல் கேட்கவில்லை. ஓரடி இடது பக்கம் நகர்ந்தாள், கேட்டது. நடுவுக்கு வந்தாள், பெட்டி வாயடைத்துப் போனது. மேசை மேல் இருந்ததையெல்லாம் கீழே தள்ளி, மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைமாட்டில் பெட்டி வருகிற மாதிரி நோயாளிபோல மல்லாக்கப் படுத்தாள். ஒன்று இரண்டு மூன்று என்று தொண்டை வலிக்கச் சொன்னாள். பெட்டிக்கு அவள் ஒருத்தி அங்கே இருப்பதே தெரியவில்லை.

எழுந்து பெட்டியைப் பிரித்தாள். வலது மைக்கின் இரண்டு கம்பிகளும் இடம் மாறி இருந்தன. அவ்வளவுதான், அதற்குமேல் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குரல் என்பது காற்று தள்ளுவதும் இழுப்பதும். இடது மைக் தள்ளலைக் கூட்டல் ஐந்து என்று சொன்னால், கம்பி மாறிய வலது மைக் அதே தள்ளலைக் கழித்தல் ஐந்து என்று சொல்லும். நேர் நடுவிலிருந்து பேசுகிறவர் குரல் இரண்டு மைக்கையும் ஒரே நொடியில், ஒரே பலத்தில் எட்டும். சிப் பாவம், அதற்குத் தெரிந்தது கூட்டல். ஐந்தையும் கழித்தல் ஐந்தையும் கூட்டிப் பூஜ்ஜியத்தை மேசைக்கு அனுப்பும். நொடிக்குப் பதினாறாயிரம் தடவை கூட்டும், பதினாறாயிரம் தடவையும் பூஜ்ஜியம். ஓரத்திலிருந்து வரும் ஏசிச் சத்தம் ஒரு மைக்குக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் போய்ச் சேர்வதால் அது மட்டும் தப்பித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்தோ தலையைத் திருப்பியோ பேசுகிறவர்கள் குரலும் கொஞ்சம் தப்பும், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. ஒரு பக்கமே செயலிழந்து மல்லாக்கக் கிடந்தவர் குரல் எங்கே தப்பும்?

பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வரைகிற போர்டுக்காரருக்குப் போன் போட்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். இந்தத் தொகுதிப் பெட்டிகளில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று போகாமல் இருக்கத் தானேதான் மாற்றியதாகச் சொன்னார். அதனால் ஒன்றும் ஆகாதாம். சிப்பின் அமைப்பில் வலதைத் தலைகீழாக்கு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடுமாம். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி ஆறு வாரம் முன்பே மேலாளருக்கு எழுதிவிட்டேனே, சேர்க்கவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காது சிவந்ததா என்று கேட்காதீர்கள். கழுத்துவரை சிவந்தது. நேரே போய் மேலாளர் அறைக் கதவைத் தள்ளினாள். சின்னவிஷயம் முதலில் சிரித்தார், பிறகு கடிதம் எதுவும் வரவில்லை என்றார், பிறகு வந்தது நினைவுக்கு வந்தது என்றார். ஒரு வரிதானே, சின்ன விஷயம், அடுத்த மென்பொருளோடு சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். அந்தச் செவிலியின் கதி என்ன என்று அவள் கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டியது அவள் கடமைதானே என்றார். மதியம் தான் பேசிய அதே பேச்சை அந்த வாயிலிருந்து கேட்டபோது பாம்புக்காதுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தச் செவிலி என் கூடப் பிறந்தவ சார்."

 அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து யாரோடதும்மா? சரி, கையெழுத்தை விடுங்க. இந்தப் படிவத்தை எழுதினது யாரு? இடது தனியா, வலது தனியா, ரெண்டும் சேந்து கேக்குதான்னு ஒரு கட்டம்கூட இல்லையே. நாளைக்குப் போய் வாயைத் திறந்தீங்கன்னா முதல்ல மாட்டப்போறது நான் இல்ல."

எழுதியது அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பெருமையோடு எழுதிய படிவம். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பார்த்தால் கோளாறு எங்கே என்று உடனே தெரியும் என்று அப்போது எல்லோரும் மெச்சினார்கள். இரண்டும் நன்றாக இருந்தால் இரண்டும் சேர்ந்தாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள், மெச்சியவர்களும் நினைத்தார்கள். எத்தனை ஆயிரம் பெட்டி அந்தப் படிவத்தில் தேறிப் போயிருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நடுவில் நின்று பேசிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நேரம் தங்கைமேலும் மேலாளர்மேலும் பாய்ந்த கோபம் அப்படியே திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது.

மேலாளர் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், நாளை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று இதமாகப் பேசினார். அவள் தன் மேசைக்குப் போனாள், பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோனால் வேலை போகும் என்று அவர் பின்னாலேயே வந்து சொன்னார். போகட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தப் பெட்டியில் அவள் செய்த ஒரு நல்ல காரியமும் இருந்தது. கடைசி இருபது அழைப்புகளை, சிப் கூட்டுவதற்கு முன்னால், இடது தனி, வலது தனி என்று பெட்டி தனக்குள்ளேயே வைத்திருக்கும். பழுது பார்க்க வசதியாக அவளே சண்டை போட்டு வாங்கிய நினைவகம் அது. வீட்டுக்கு வந்து அதைக் கணினியில் இறக்கினாள். கூட்டாமல், இடதிலிருந்து வலதைக் கழித்தாள். ஐந்திலிருந்து கழித்தல் ஐந்தைக் கழித்தால் பத்து. ஒரு மனிதர் 'அம்மா' என்று கூப்பிட்டார். அத்தோடு நிறுத்திவிட்டாள். அதை முழுதாகக் கேட்க வேண்டியவர்கள் வேறு இருந்தார்கள்.

மறுநாள் விசாரணை அறையில் நீளமான மேசை. தலைமை மருத்துவர் நடுவில் இருந்தார், பேச்சைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டும் அம்மாள். ஒரு பக்கம் டிரைவரின் மகள், அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எதிர்ப் பக்கம் தங்கை, சீருடையில், அக்காவைப் பார்த்ததும் எழுந்தவள் உட்காரவே இல்லை. ஓரத்தில் சின்னவிஷயம், முன்னால் அந்தத் தாள். இடது சரி, வலது சரி.

பாம்புக்காது தான் யார் என்பதையும், தங்கைக்கு என்ன உறவு என்பதையும், அந்தத் தாளில் இருப்பது தன் கையெழுத்து என்பதையும் முதலிலேயே சொன்னாள். மேலாளர் ஏதோ சொல்ல எழுந்தார், மருத்துவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். முதலில், சிப் கூட்டியது போலவே கூட்டி, மேசைக்குப் போன ஒலியைப் போட்டாள். ஏசிச் சத்தம், ஏசிச் சத்தம், ஏசிச் சத்தம். இதுதான் என் தங்கைக்குக் கேட்டது என்றாள். பிறகு கழித்து எடுத்ததைப் போட்டாள்.

"சொல்லுங்க, பதினேழு" என்று தங்கையின் குரல் பெட்டி வழியாக வந்தது.

"அம்மா, எனக்கு வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்து பாக்குறியா?"

"ஹலோ? பதினேழு, பேசுங்க."

"பேசுறேன்மா. கை தூக்க வரல."

"யாரும் பேசலையே" என்றது தங்கையின் குரல், கொஞ்சம் சலிப்போடு. துண்டிப்பு.

இரண்டாவது அழைப்பில் அவர் சொற்கள் குழைந்திருந்தன. பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்கவில்லையா, கேட்கவில்லையா என்று நாலைந்து தடவை சொன்னார். மூன்றாவதில் பாதிக்குமேல் புரியவில்லை. கடைசி வாக்கியம் மட்டும், ஒவ்வொரு சொல்லாக உருட்டி உருட்டி, புரிந்தது.

"வேல இருக்கும் உனக்கு... பரவால்ல... முடிச்சிட்டு வாம்மா."

 மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார்கள். அது அவள் அப்பா கடைசியாகப் பேசிய பேச்சு, அதை அவளுக்குத் தரச் சொன்னாள். பிறகு தங்கை பக்கம் திரும்பி, கோபம் கொஞ்சமும் குறையாத முகத்தோடு, உனக்கு இது நிஜமாகவே கேட்கவில்லையா என்று கேட்டாள். தங்கை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். மகள் அப்படியே மேலாளர் பக்கமும், பிறகு பாம்புக்காது பக்கமும் திரும்பினாள். மேலாளர் தாளைப் பார்த்தார். பாம்புக்காது அவள் கண்ணைப் பார்த்தாள், பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

ஆறு வாரம் முன்பு வந்த கடிதத்தைப் பற்றிப் பாம்புக்காது சொன்னதும், அதை மேலாளரிடம் மருத்துவர் கேட்டு வாங்கினார். படிவத்தை எழுதியது யார் என்றும் கேட்டார்.

"நான்தான். நடுவுல நின்னு பேசுனா கேக்குதான்னு நான் ஒரு தடவைகூடப் பாக்கல."

அதையும் எழுதிக்கொண்டார். தங்கைமேல் குற்றமில்லை என்றும், கம்பெனிமேல் தனி விசாரணை என்றும் சொன்னார். புதுக் கட்டடத்தில் அதே தொகுதிப் பெட்டிகள் மொத்தம் பதினொன்று. அத்தனையிலும் வலது மைக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து பேசிப் பார்த்துவிட்டுத்தான் பாம்புக்காது இன்று வெளியே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வராந்தாவில் அக்காளும் தங்கையும் தனியாக நின்றார்கள். வேலை தப்பியது, பதிவும் தப்பியது. தங்கை முகத்தில் அந்த நிம்மதியின் சாயலே இல்லை. பாம்புக்காது அவள் தோளைத் தொட்டாள், அவள் விலகிக்கொண்டாள்.

"அவர் சொன்னது எனக்குக் கேக்கல. சரி. ஆனா நான் சலிச்சுக்கிட்டது அவருக்குக் கேட்டிருக்குக்கா. மூணு தடவையும் கேட்டிருக்கு."

  பாம்புக்காது திருப்புளியை எடுத்துக்கொண்டு முதல் அறைக்குப் போனாள், தங்கை மேசையில் போய் உட்கார்ந்தாள். நோயாளிகளிடம் சொல்லி, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி, வலதை அணைத்து, நேர் நடுவில் நின்று கேட்குதா என்று கேட்டாள். கேட்குது என்று ஒரே மாதிரிக் குரலில் தங்கை பதில் சொன்னாள். பத்து அறை அப்படியே முடிந்தது.

பதினேழாம் அறை காலியாக இருந்தது. அவர் வேறு வார்டில் இருந்தார். பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டி, வலதை அணைத்தாள். நின்று பேசினால் போதாது என்று தோன்றியது. கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்தாள். கூரையும் பெட்டியின் அடிப்பக்கமும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. நாற்பது நிமிஷம் அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். இடது கையால் பொத்தானை அழுத்தினாள்.

"சொல்லுங்க, பதினேழு."

பேச வாயைத் திறந்தாள். கேட்குதா என்று கேட்க வரவில்லை, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஒரு நொடி போனது, இரண்டு நொடி போனது. பெட்டியிலிருந்து ஹலோ என்றும் வரவில்லை, யாரும் பேசவில்லையே என்றும் வரவில்லை. வராந்தாவில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழும் சத்தம் கேட்டது, பிறகு ஓடிவரும் காலடிச் சத்தம். முப்பது அடியையும் ஓடிக் கடந்து, மூச்சு வாங்க, தங்கை வாசலில் வந்து நின்றாள்.